முதல் தடவை மக்களவைக்கு நிற்கும் இளம் வேட்பாளர்: எங்கே தொடங்குவது?

வைகைக்கரை | 5 ஜூலை 2025, இரவு 9.12

எங்கள் குழுவில் ஒரு பெண்ணை 2029 மக்களவைத் தேர்தலில் சுயேச்சையாக நிறுத்த யோசனை. பிறந்தது மே 2004. ஆக, தேர்தல் சமயத்தில் 25 ஆகிவிடும். பணம் குறைவு. ஆட்கள் நாற்பது பேர், எல்லாரும் இளவட்டம். வீடியோ நாலு பேசப்பட்டால் மீதி தானாக வரும் என்பது என் கணக்கு. முதல் வேலை என்ன?

படிவம்26 | 5 ஜூலை, இரவு 9.50

முதல் வேலை காலண்டர் பார்ப்பது. 25 வயது என்பது வாக்குப்பதிவு நாளுக்கோ முடிவு வரும் நாளுக்கோ அல்ல, வேட்புமனு பரிசீலனை நாளுக்கு. 2024இல் தமிழ்நாட்டில் பரிசீலனை மார்ச் 28. 2019இல் மார்ச் 27. மே மாதம் பிறந்த பிள்ளைக்கு அன்றைக்கு 24தான். மனு மேசையிலேயே தள்ளுபடி.

பூத்மணி | 5 ஜூலை, இரவு 10.05

வேறு வழி உண்டு. இந்தியாவில் எந்த மக்களவைத் தொகுதியில் ஓட்டு இருந்தாலும் வேறு ஏறக்குறைய எந்தப் பொதுத் தொகுதியிலும் நிற்கலாம். 2024இல் ஏழாம் கட்டத்துக்குப் பரிசீலனை மே 15. பிறந்த நாள் அதற்கு முன்னால் வந்தால் வாரணாசியில் நிறுத்துங்கள் தம்பி. இந்தி மட்டும் கொஞ்சம் கற்றுக்கொள்ள வேண்டும்.

வைகைக்கரை | 5 ஜூலை, இரவு 10.20

மே 18 அண்ணே. வாரணாசியும் போச்சு.

சரி, அவளுடைய அண்ணனை நிறுத்துகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 வயது. அடுத்து?

படிவம்26 | 6 ஜூலை, காலை 7.15

2024 அட்டவணையை வைத்துப் பாருங்கள், உங்களுக்கு உண்மையில் எத்தனை நாள் கிடைக்கும் என்று தெரியும். அறிவிப்பு மார்ச் 16. மனுத்தாக்கல் தொடக்கம் மார்ச் 20, கடைசி நாள் 27. நடுவில் 23, 24 விடுமுறை, மனு வாங்கவில்லை. ஆக ஆறே வேலை நாள், தினம் காலை 11 முதல் மதியம் 3 வரை. பரிசீலனை 28, வாபஸ் 30. சுயேச்சைக்குச் சின்னம் கையில் வருவது வாபஸ் நேரம் முடிந்த பிறகு. ஏப்ரல் 17 மாலையோடு பிரசாரம் ஓய்வு, 19 வாக்குப்பதிவு. சின்னத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்க மூன்று வாரம்கூட இல்லை, எதிரே சுமார் 16 லட்சம் வாக்காளர். மார்ச் வந்ததும் ஆரம்பிக்கலாம் என்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அதனால் மார்ச்சுக்கு முன்பே முடிக்க வேண்டியவை: வாக்காளர் பட்டியலில் பெயரும் பாக எண்ணும் வரிசை எண்ணும் சரியா என்று பார்ப்பது, வேறு தொகுதி வாக்காளர் என்றால் பட்டியலின் சான்றிட்ட நகல், முன்மொழிபவர்கள், பிரமாணப் பத்திரத்துக்கான தாள்கள், தேர்தல் ஏஜென்ட் யார் என்ற முடிவு.

கணக்கப்பிள்ளை | 6 ஜூலை, காலை 8.02

வங்கிக் கணக்கை விட்டுவிட்டீர்கள். தேர்தலுக்கென்றே தனிக் கணக்கு. மனுத்தாக்கலுக்கு ஒரு நாள் முன்னதாகவாவது திறந்திருக்க வேண்டும். வேட்பாளர் பெயரில் அல்லது வேட்பாளர், தேர்தல் ஏஜென்ட் இருவர் பெயரில். அப்பா, மனைவியுடன் கூட்டுக் கணக்கு செல்லாது, அவரே ஏஜென்டாக இருந்தால் தவிர. பழைய சம்பளக் கணக்கையே காட்டலாம் என்று போய் நிற்காதீர்கள்.

படிவம்26 | 6 ஜூலை, இரவு 9.30

முன்மொழிபவர் பற்றி விரிவாக, ஏனென்றால் சுயேச்சை மனுக்கள் விழும் முதல் இடம் இது.

அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் போதும். சுயேச்சைக்கும், பதிவு மட்டும் செய்த கட்சிக்காரருக்கும் பத்துப் பேர். பத்துப் பேரும் நிற்கிற தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். மக்களவைத் தொகுதி என்பதால் ஆறு சட்டமன்றப் பகுதிகளில் எதில் இருந்தாலும் சரி. பாக எண், வரிசை எண் கடைசியாக வெளியான பட்டியலின்படி எழுத வேண்டும். பழைய பட்டியலைப் பார்த்து எழுதினால் எண் மாறியிருக்கும். சிறு எழுத்துப்பிழைக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் முன்மொழிபவர் பட்டியலிலேயே இல்லை என்றால் அது பிழைக் கணக்கில் வராது. கைநாட்டு வைப்பவர் என்றால் தேர்தல் நடத்தும் அலுவலர் (ஆர்.ஓ.) முன்னிலையில் அல்லது அதற்கு அதிகாரம் பெற்ற அலுவலர் முன்னிலையில் வைக்க வேண்டும். வீட்டிலேயே வாங்கி வந்தால் அந்தப் பெயர் கழிந்தது.

2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷால் மனுவுக்கு நடந்தது நினைவிருக்கும். முன்மொழிந்த இருவர் அது தங்கள் கையெழுத்தே இல்லை என்றதால் மனு தள்ளுபடி. பத்தில் ஒன்று குறைந்தாலும் அதே கதிதான்.

ஆகவே ஒரே தொகுதிக்கு நான்கு மனு வரை கொடுக்கலாம் என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பத்துப் பேர். நான்குக்கும் டெபாசிட் ஒன்றுதான்.

பூத்மணி | 6 ஜூலை, இரவு 9.48

முன்மொழியும் அந்த நாற்பது பேரை எதிர்த்தரப்பு முதல் நாள் ராத்திரியே போய்ப் பார்க்கும். பக்கத்து வீடு, தெருக்காரர் என்று எடுக்காமல் யாருடைய மிரட்டலுக்கும் கடனுக்கும் கட்டுப்படாத ஆட்களாகப் பார்க்கவும். ஒப்பந்த வேலையில் இருப்பவர், சங்கக் கடன் நிலுவை உள்ளவர் வேண்டாம்.

வைகைக்கரை | 7 ஜூலை, மதியம் 1.10

டெபாசிட் எவ்வளவு சார்? அது திரும்பக் கிடைக்குமா?

கணக்கப்பிள்ளை | 7 ஜூலை, மதியம் 1.35

25,000. பட்டியல் சாதி, பழங்குடி என்றால் 12,500. பதிவான வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் திரும்பும்.

16 லட்சம் வாக்காளர், நூற்றுக்கு 70 பதிவு என்றால் சுமார் 11 லட்சம் ஓட்டு. ஆறில் ஒன்று 1,83,000க்கு மேல். முதல் தடவை நிற்கும் சுயேச்சைக்கு இது எட்டாத உயரம். 25,000ஐத் திரும்பாத செலவாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

படிவம்26 | 7 ஜூலை, மாலை 6.20

ஒரு திருத்தம். பதிவான வாக்கு அல்ல, செல்லத்தக்க வாக்கு. நோட்டா இதில் சேராது, தள்ளுபடியான தபால் வாக்கும் சேராது.

டெபாசிட்டை ரொக்கமாக ஆர்.ஓ.விடம் கட்டலாம், அல்லது கருவூலத்தில் கட்டிச் சலான் கொண்டுவரலாம். காசோலை, டிடி வாங்க மாட்டார்கள். ஒரு ரூபாய் நாணயமாக மூட்டை கட்டிவந்து கொட்டும் வேட்பாளர் தேர்தலுக்குத் தேர்தல் செய்தியில் வருகிறார். படம் நன்றாக விழும். அலுவலகமே உட்கார்ந்து எண்ணி முடிப்பதற்குள் உங்கள் மனுவை நிதானமாகப் பார்க்க வேண்டிய நேரம் போய்விடும், பின்னால் நிற்பவனின் சாபமும் சேரும்.

இந்தத் தொகை இவ்வளவு ஏறியதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள். அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் மக்களவை டெபாசிட்டை 500இலிருந்து 10,000 ஆக்கியது, சுயேச்சைக்குப் பத்து முன்மொழிபவர் என்றது. 25,000 ஆனது பின்னால்.

பூத்மணி | 8 ஜூலை, காலை 6.55

இப்போது கசப்பான பகுதி. தமிழ்நாட்டில் 2024இல் 68,000க்கு மேல் வாக்குச்சாவடிகள். 39ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்கு 1,750 பூத். உங்களிடம் நாற்பது பேர். காலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு, மாலை ஆறு வரை வாக்குப்பதிவு, பிறகு சீல் வைப்பு. அதுவரை ஒரே ஆள் உட்கார முடியாது. அதனால்தான் ஒரு பூத்துக்கு ஒரு ஏஜென்ட், இரண்டு மாற்று ஏஜென்ட் போட அனுமதி. எல்லா பூத்துக்கும் ஆள் போட ஐயாயிரம் பேர் வேண்டும். பெரிய கட்சிகளே சில இடங்களில் திணறும் எண்ணிக்கை அது.

நான் சொல்வது: ஆறு சட்டமன்றப் பகுதியையும் தொடாதீர்கள். ஒன்றை எடுங்கள், 290 பூத் வரும். அதிலும் 120 தேறட்டும். ஏஜென்ட் அந்த பூத்திலேயே வாக்காளராக இருப்பது நல்லது. வெளியாள் உட்கார்ந்தால் யார் வருகிறார் யார் வரவில்லை என்று அடையாளம் தெரியாது, உட்கார வைத்ததற்கே பயன் இல்லை.

வீடியோ பற்றிக் கேட்டீர்கள். வீடியோ தொகுதிக்கு வெளியே பார்க்கப்படும். சென்னையில் ஒரு லட்சம் பேர் பார்த்தாலும் உங்கள் பூத்தில் அது ஒரு ஓட்டாகக்கூட விழாது.

வைகைக்கரை | 8 ஜூலை, காலை 7.30

ஆறில் ஒன்றை மட்டும் எடுத்தால் ஜெயிக்கவே முடியாதே அண்ணே?

பூத்மணி | 8 ஜூலை, காலை 7.41

நாற்பது பேரோடு ஆறையும் எடுத்தால் மட்டும் ஜெயிப்பீர்களா?

படிவம்26 | 8 ஜூலை, இரவு 10.15

பூத்மணி சொல்வது கடுமையாகத் தெரியலாம். 2024 விருதுநகரைப் பாருங்கள். தேமுதிகவின் விஜய பிரபாகரன் முதல் தடவை நின்றார். தந்தை பெயர், கட்சி, அதிமுக கூட்டணி எல்லாம் இருந்தும் 4,379 ஓட்டில் தோற்றார். பூத்துக்கு மூன்று ஓட்டுகூட வராத வித்தியாசம். அவ்வளவு பலம் உள்ளவருக்கே கணக்கு பூத்தில்தான் முடிகிறது.

இன்னொரு பக்கம், ராஜஸ்தானின் சஞ்சனா ஜாதவ். மாவட்டப் பஞ்சாயத்து உறுப்பினராகத் தொடங்கியவர். 2023 சட்டமன்றத் தேர்தலில் கட்டூமரில் 409 ஓட்டில் தோற்று, அடுத்த ஆண்டே பரத்பூரில் காங்கிரஸ் சார்பில் மக்களவைக்கு ஜெயித்தார். அதே 2024இல் 25 வயதில் உள்ளே போன புஷ்பேந்திர சரோஜ், பிரியா சரோஜ், சாம்பவி சௌத்ரி மூவரின் தந்தையரும் ஏற்கெனவே அரசியலில் இருந்தவர்கள். குடும்பமும் இல்லை, கட்சியும் இல்லை என்றால் முதல் தேர்தலின் வேலை வேறு. அடுத்த தேர்தலுக்குத் தகுதி கெடாமல், எந்தெந்த பூத்தில் எத்தனை பேர் நம்மை நம்புகிறார்கள் என்ற பட்டியலோடு வெளியே வருவது. அதைத் திட்டமிட்டால் செலவு, ஆள், நாள் எல்லாம் தானே சுருங்கும்.

கணக்கப்பிள்ளை | 9 ஜூலை, காலை 8.20

"தகுதி கெடாமல்" என்றது என் துறை, எனவே நீளமாக வரும்.

உச்சவரம்பு தமிழ்நாட்டில் 95 லட்சம். உங்களுக்கு அது பிரச்சினை இல்லை. பிரச்சினை கணக்கு எழுதுவது. மனு கொடுத்த நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை, இரண்டு நாளும் சேர்த்து, அன்றாடம் எழுத வேண்டும். ஆர்.ஓ. அலுவலகம் தரும் பதிவேட்டில் மூன்று பகுதி: வெள்ளைத் தாளில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பில் ரொக்கம், மஞ்சளில் வங்கி. பிரசார காலத்தில் குறைந்தது மூன்று முறை செலவினப் பார்வையாளர் முன் காட்ட வேண்டும். உங்கள் கூட்டத்தை வீடியோ எடுத்து அவர்களே நிழல் பதிவேடு ஒன்று எழுதுவார்கள். அதில் 300 நாற்காலி, உங்கள் பதிவேட்டில் 100 என்றால் நோட்டீஸ் வரும்.

விலை நீங்கள் கொடுத்த விலை அல்ல. நாற்காலி, பந்தல், ஒலிபெருக்கி, டீ, சாப்பாடு எல்லாவற்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் விலைப்பட்டியல் வெளியிடுவார். நண்பன் ஓசியில் கொடுத்த ஆட்டோவும் அந்த விலையில் கணக்கில் ஏறும்.

ஒரே ஆளுக்கு அல்லது ஒரே கடைக்குத் தேர்தல் முழுவதும் சேர்த்து ரொக்கமாக 10,000க்கு மேல் கொடுக்கக் கூடாது. இன்று 6,000, நாளை 6,000 என்று பிரித்தாலும் தப்பே. நன்கொடையும் ரொக்கமாக ஒருவரிடமிருந்து 10,000க்கு மேல் வாங்கக் கூடாது. வேட்பாளர், ஏஜென்ட், தொண்டர் போகும் வண்டியில் 50,000க்கு மேல் ரொக்கம் இருந்தால் பறக்கும் படை எடுத்துக்கொண்டு போய்விடும். திரும்ப வாங்குவதற்குள் தேர்தல் முடிந்திருக்கும்.

கடைசியாக, சுயேச்சைகள் மறப்பது. முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். தோற்றவருக்கும் உண்டு, 200 ஓட்டு வாங்கியவருக்கும் உண்டு. கொடுக்காமலோ உரிய முறையில் கொடுக்காமலோ விட்டு, தகுந்த காரணமும் இல்லாவிட்டால், ஆணையம் மூன்று ஆண்டு தகுதி நீக்கம் செய்யலாம். மக்களவை மட்டுமல்ல, இடையில் வரும் சட்டமன்றத் தேர்தலும் போகும்.

பூத்மணி | 9 ஜூலை, காலை 8.31

இதை வாசித்ததற்கே எனக்கு டீ வேண்டும். எந்த விலைப்பட்டியலில் எழுத?

வைகைக்கரை | 9 ஜூலை, இரவு 9.05

பிரமாணப் பத்திரத்தில் எங்கே சறுக்கும் சார்? அவனுக்குச் சொத்து எதுவும் இல்லை. வழக்கும் இல்லை.

படிவம்26 | 10 ஜூலை, காலை 6.40

"எதுவும் இல்லை" என்பவர்கள்தான் கட்டங்களைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. கோடும் போடக் கூடாது. "இல்லை" அல்லது "பொருந்தாது" என்று எழுத வேண்டும். 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, காலியாக இருந்தால் ஆர்.ஓ. நோட்டீஸ் கொடுப்பார், அதற்குப் பிறகும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம். மனைவி, சார்ந்திருப்போர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கட்டம். நோட்டரி முத்திரை ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இளைஞர்கள் விடுபவை இரண்டு. கல்விக் கடன், அது கடன் பகுதியில் வர வேண்டும். இன்னொன்று வழக்கு. ஆர்ப்பாட்டத்தில் கைதாகி, கல்யாண மண்டபத்தில் வைத்து, மாலையில் விட்டுவிட்டார்கள், அதோடு முடிந்தது என்று நினைப்பார்கள். முதல் தகவல் அறிக்கை போட்டிருந்தால் அது நிலுவையில் இருக்கலாம். சம்பந்தப்பட்ட காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். நிலுவை வழக்கு உள்ளவர் பிரசார காலத்தில் மூன்று முறை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் அதை விளம்பரமாக வெளியிட வேண்டும்: வாபஸ் முடிந்த முதல் 4 நாளில் ஒன்று, 5 முதல் 8ஆம் நாளுக்குள் ஒன்று, 9ஆம் நாள் முதல் பிரசாரம் ஓயும் நாளுக்குள் ஒன்று. செலவு வேட்பாளருடையது.

அப்புறம் உறுதிமொழி. மனு கொடுத்த பிறகு, பரிசீலனை நாள் பிறப்பதற்கு முன், ஆர்.ஓ. முன்னால் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். மனு கொடுத்த கையோடு எடுத்துவிடுங்கள், சான்றும் கேட்டு வாங்குங்கள். மனு கொடுத்த சந்தோஷத்தில் வாசலில் மாலை போட்டுக்கொள்ள ஓடியவர்கள் உண்டு.

புகைப்படம் 2 க்கு 2.5 செ.மீ., மூன்று மாதத்துக்குள் எடுத்தது, வெள்ளைப் பின்னணி, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கூடாது. இயந்திரத்தில் ஒட்டும் தாளில் வருவது இதுதான்.

பூத்மணி | 10 ஜூலை, இரவு 8.50

படம் முக்கியம் தம்பி. 2024 ராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது அதே பெயரில் இன்னும் ஐந்து பேர். பலாப்பழத்தை ஊர் ஊராகப் பிடித்துக் காட்டி 3 லட்சத்துக்கு மேல் வாங்கினார். பெயரால் அடையாளம் காண முடியாத இடத்தில் சின்னம்தான் தாங்கியது. முன்னாள் முதலமைச்சர் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

படிவம்26 | 10 ஜூலை, இரவு 9.25

சின்னம் பற்றி ஒன்று. மனுவில் மூன்று சின்னம் விருப்பமாக எழுத வேண்டும். நான்கு மனு கொடுத்தாலும் முதலில் கொடுத்த மனுவில் எழுதியதுதான் செல்லும். எனவே அவசரத்தில் ஒரு மனுவைப் போட்டுவிட்டு, சின்னத்தை அடுத்ததில் யோசிக்கலாம் என்பது நடக்காது. ஒரே சின்னத்தை இரண்டு சுயேச்சைகள் கேட்டால் குலுக்கல். பதிவு செய்த கட்சிக்காரர் கேட்டால் அவருக்கே முன்னுரிமை. மூன்றையும் தேர்ந்தெடுக்கும்போது கறுப்பு வெள்ளையில், சிறியதாக அச்சடித்துப் பாருங்கள். வயதானவர் ஒருவரிடம் காட்டி என்ன பொருள் என்று கேளுங்கள். உடனே பெயர் வராத சின்னம் வேண்டாம்.

இயந்திரத்தில் இடம்: அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவு பெற்றவை அடுத்து, சுயேச்சைகள் கடைசியில், ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் தமிழ் அகர வரிசை. 2024 கரூரில் 54 பேர் நின்றார்கள். ஓர் இயந்திரத்தில் நோட்டாவோடு 16 இடம் என்பதால் நான்கு இயந்திரம். உங்கள் ஆள் மூன்றாவது பெட்டியில் இருந்தால் "எத்தனையாவது பெட்டி, எத்தனையாவது வரிசை" என்பதையும் நோட்டீஸில் போட வேண்டும். வரிசை எண் வாபஸ் அன்று மாலைதான் தெரியும் என்பதால் அதற்கு முன் நோட்டீஸ் அடிப்பது வீண். அடிக்கும்போது அச்சகத்தின் பெயரும் முகவரியும், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் கட்டாயம்.

வைகைக்கரை | 12 ஜூலை, மாலை 5.00

குழுவில் பேசினோம். ஒரு சட்டமன்றப் பகுதி, 120 பூத் என்று வைத்துக்கொள்கிறோம். எந்த 120 என்று எப்படிப் பிரிப்பது? தொகுதி மறுவரையறை வந்தால் எல்லாம் மாறிவிடாதா?

பூத்மணி | 12 ஜூலை, மாலை 6.10

எல்லை மாறலாம், தெரு மாறாது. அதனால்தான் தொகுதி அளவில் கட்டாமல் பூத் அளவில் கட்டுங்கள் என்கிறேன். பக்கத்துத் தொகுதிக்குப் போனாலும் அந்த 120 பூத்தின் ஆட்கள் உங்களோடுதான் வருவார்கள். மறுவரையறைக்குப் பிறகு மகளிர் ஒதுக்கீடும் வரும். 2023 சட்டத் திருத்தம் அதை மறுவரையறையோடு கட்டிவைத்திருக்கிறது. அண்ணன் நிற்க நினைத்த தொகுதி பெண்களுக்குப் போனால், தங்கச்சிக்கு அதற்குள் 25 ஆகியிருந்தால் உங்களுக்கு நல்லதுதான்.

தங்கச்சிக்கு இப்போதே 21 முடிந்துவிட்டதே. உள்ளாட்சியில் நிற்க அது போதும். கிராம ஊராட்சி வார்டு, தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னமே கிடையாது, எல்லாரும் உங்களைப் போலச் சுயேச்சைச் சின்னத்தில்தான் நிற்பார்கள். அண்ணனுக்கு 1,83,000 ஓட்டு தேடுவதைவிட அது கைக்கு எட்டும்.

வைகைக்கரை | 12 ஜூலை, மாலை 6.22

அவள் இதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள் அண்ணே. "அண்ணன் எனக்கு ஏஜென்டாக இருக்கட்டும்" என்கிறாள்.

படிவம்26 | 13 ஜூலை, காலை 7.05

பூத் பிரிப்புக்குப் படிவம் 20. ஒவ்வொரு பூத்திலும் ஒவ்வொரு வேட்பாளரும் வாங்கிய ஓட்டு அதில் இருக்கும். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும், மக்களவைத் தொகுதி ஒன்றுக்கு ஆறு சட்டமன்றப் பகுதி வாரியாக. 2019, 2021, 2024 மூன்றையும் எடுங்கள். பெரிய கட்சிகளின் ஓட்டைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். சுயேச்சைகளும் சிறு கட்சிகளும் நோட்டாவும் சேர்ந்து எங்கே சராசரியைவிட அதிகம் என்று பாருங்கள். அங்கேதான் ஏற்கெனவே வேறு இடம் தேடும் ஓட்டு இருக்கிறது. அதில் உங்கள் ஆட்கள் குடியிருக்கும் பூத் எது என்று குறித்தால் பட்டியல் பாதி தயார்.

ஒரு எச்சரிக்கை. பூத் எண்ணை வைத்து மூன்று தேர்தலையும் பொருத்தாதீர்கள். புதிய சாவடி சேர்த்தால் அதற்குப் பின் உள்ள எண் எல்லாம் நகர்ந்துவிடும். 2019இன் 112 வேறு, 2024இன் 112 வேறு. அந்தந்த ஆண்டுச் சாவடிப் பட்டியலை எடுத்து, பள்ளியின் பெயரையும் அதில் சேர்ந்த தெருக்களையும் வைத்துப் பொருத்துங்கள். ஒரே பள்ளியில் மூன்று சாவடி இருந்தால் தெருப் பெயர் மட்டுமே கைகொடுக்கும்.

கணக்கப்பிள்ளை | 13 ஜூலை, காலை 7.40

சில பிடிஎஃப் ஸ்கேன் செய்த படமாகத்தான் இருக்கும், எழுத்தை நகலெடுக்க வராது. கையால் ஏற்ற வேண்டியதுதான். 290 வரி. இரண்டு பேர் தனித்தனியாக ஏற்றிவிட்டு மொத்தத்தைச் சரிபாருங்கள். கடைசி வரியில் உள்ள கூட்டுத்தொகையோடு ஒத்துவராத பக்கத்தை மட்டும் திரும்பப் பார்த்தால் போதும். தபால் ஓட்டு தனி வரியில் இருக்கும், அதைக் கூட்டலில் குழப்பிக்கொள்ள வேண்டாம்.